போனவர் பெயரில் ஒரு வரி

ஒரு கணினியில், மென்பொருள்கள் தங்கள் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில், பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் எழுதிவைத்த வரி ஒன்று இருந்தது. எந்த விசையை அழுத்தினால் எந்த எழுத்து வரவேண்டும் என்று சொல்வது அதன் வேலை. அந்த மென்பொருளை நீக்கி மூன்று வருஷம் ஆகிவிட்டது.

ஒருநாள், வேண்டாத வரிகளை அழிக்கும் துப்புரவு மென்பொருள் வந்து அந்த வரியின் முன்னே நின்றது.

“ஏம்மா, உன்னைக் கூட்டிவந்தவரே போய்ச் சேர்ந்துட்டார். நீ எதுக்கு இன்னும் இடத்தை அடைச்சுக்கிட்டு? கிளம்பு.”

“அவர் போனது எனக்குத் தெரியாதா தம்பி? போன அன்னைக்கும் நான் வேலையை நிறுத்தலை. புதுசா வந்த தட்டச்சு மென்பொருள் யாரைக் கேட்டு எழுதுதுன்னு போய்ப் பாரு.”

துப்புரவு போய்ப் பார்த்தது. புது மென்பொருள் ஒவ்வொரு எழுத்துக்கும் அந்த வரியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அதன் குரல் இறங்கியிருந்தது.

“சரிம்மா, இருந்துக்கோ. ஆனா உன் தலைப்பில இன்னும் அவர் பேர் இருக்கே. அதையாவது எடுத்துடறேன். பார்க்க நல்லாயில்லை.”

“கை வைக்காதே. இந்தப் பேரைச் சொல்லித்தான் எல்லாரும் கூப்பிடறாங்க, நானும் பதில் சொல்றேன். உனக்குப் பார்க்க நல்லாயில்லேன்னா, அடுத்த வரியைப் போய்ப் பாரு.”