மரைக்கார் கொண்டுவந்த கடிதம்

கச்சிமுகம்மது மாஸ்டர் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த வகுப்புக்குள், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் உதுமாலெவ்வை, கல்வி அலுவலகத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தோடு விறுவிறுவென நுழைந்தார்.

“மாஸ்டர், என்னை விலைக்கு வாங்கக் கல்விக் கந்தோர்ல காசு கேட்டீங்களா?”

மாஸ்டரின் கையிலிருந்த வெண்கட்டி கீழே விழுந்தது.

“அல்லாஹ்வே! கணக்குப் படிப்பிக்கிற சாமான் வாங்க உதவிக்காசு தாறாங்க எண்டாங்க. அதுக்குத்தான் எழுதினன்.”

“அப்ப நான் சாமானா? கடிதம் பிழையாப் பள்ளிவாசலுக்கு வந்துட்டு. தேத்தண்ணிக் கடையில அதைச் சத்தமா வாசிச்சிட்டானுகள். ஊரே சிரிக்கிது!”

மாஸ்டர் கடிதத்தை வாங்கிப் படித்தார். ‘பள்ளிக்கு ஒரு மரைக்கார் வாங்குவதற்கு ஐந்து ரூபாய் அனுமதிக்கப்பட்டுள்ளது.’

அவரால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“மரைக்கார், நான் கேட்டது நெல் அளக்கிற மரைக்கால். பிள்ளைகளுக்கு அளவை காட்டிப் படிப்பிக்க. கந்தோர்ல ஆரோ ‘கால்’ஐ ‘கார்’ ஆக்கிட்டாங்க!”

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மரைக்கார் மட்டும் சிரிக்கவில்லை.

“மரைக்கால் என்ட ஊட்டுல ரெண்டு கிடக்கு. ஒண்டைச் சும்மாவே தாறன். ஆனா இண்டைக்கே கந்தோருக்கு ஒரு கடிதம் எழுதுங்க.”

“ஓம், எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்றன்.”

“எழுத்து கிடக்கட்டும் மாஸ்டர், விலையைத் திருத்தச் சொல்லுங்க. அஞ்சு ரூபாய்க்கு எந்த ஊர்ல மரைக்கார் வாங்கலாம்?”