லூபென் வாங்கிய திரைகள்

லூபென் வாங்கி வந்த ஆறு அகலக் கம்ப்யூட்டர் திரைகளும் மேசைக்கு வந்த அரை மணி நேரத்தில், அலுவலகத்தில் அவருக்கு இருந்த நல்ல பேர் போய்விட்டது.

ப்ளோவ்திவ் நகரில், வெளிநாட்டுப் படங்களுக்கு பல்கேரிய மொழியில் சப்டைட்டில் எழுதும் சின்ன நிறுவனம் அது. படம் ஒரு பக்கம், எழுதும் வரிகள் ஒரு பக்கம், கீழே ஒலியின் அலை நீளமாக ஓடவேண்டும். அகலத் திரை இல்லாமல் முடியாது என்று கலினாதான் ஒரு வருஷமாக இயக்குநரை நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, லூபென் பார்த்து வாங்கட்டும்" என்றார் இயக்குநர். கம்ப்யூட்டர் சாமான் எது வாங்குவதானாலும் லூபெனைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள்.

முப்பத்து நான்கு அங்குலம். அளவில் யாருக்கும் குறையில்லை. ஆனால் அதே அளவில் குறுக்கே 3440 புள்ளிகள் கொண்ட திரை கிடைக்கும்போது, லூபென் வாங்கியிருந்ததோ 2560 புள்ளிகள் கொண்டது. புள்ளிகள் குறைந்ததால் எழுத்தெல்லாம் பெருத்து, ஓரம் பிசிறடித்தது. முன்பைவிடக் குறைவான வரிகள்தான் ஒரே பார்வையில் தெரிந்தன.

"கண் ஆஸ்பத்திரிச் சுவர்ல மாட்டி வச்சிருப்பாங்களே, அந்த எழுத்து மாதிரி இருக்கு" என்றாள் கலினா. எல்லோரும் சிரித்தார்கள்.

லூபென் கோபித்துக்கொள்ளவில்லை. தனக்கு இதுவே போதும் என்று பட்டதாக மட்டும் சொல்லிவிட்டு, காபி எடுக்கப் போய்விட்டார்.

பக்கத்து மேசை ஸ்னெஷானாதான் அவருக்காகப் பரிந்து பேசினாள். அங்கே எல்லோருக்கும் மூத்தவள், அறுபதைத் தாண்டியவள். "விடு கலினா. பாவம், கடைக்காரன் அவன் தலையில கட்டியிருப்பான்."

கலினா விடுவதாக இல்லை. மதிய இடைவேளையில் தன் திரையைப் பெட்டியில் போட்டு, டாக்ஸி பிடித்துக் கடைக்கே போய்விட்டாள். விவரம் தெரியாத மனிதரை இப்படி ஏமாற்றலாமா என்று கேட்டாள்.

"அவரையா? நானா?" என்றார் கடைக்காரர். "ரெண்டு சனிக்கிழமை முழுக்க அவர் இங்கதாம்மா இருந்தார். உங்க ஆபீஸ்ல ஓடுற பழைய சாஃப்ட்வேரை லேப்டாப்ல கொண்டுவந்து, ஒவ்வொரு திரையிலயும் போட்டுப் பார்த்தார். அதுல எழுத்தைப் பெரிசாக்க வழியே இல்லையாமே. ஸ்கேலை வச்சு எழுத்தோட உயரத்தை அளந்தார். இதுலதான் மூணுல ஒரு பங்கு பெரிசா வந்தது."

"எழுத்து எதுக்குப் பெரிசா வரணும்?"

"யாருக்கோ பார்வை மங்கிட்டு வருதுன்னார். பேர் சொல்லல. அப்போ அவங்களுக்கு மட்டும் இதை வாங்குங்க, மத்தவங்களுக்கு நல்லது தரேன்னேன். 'ஒருத்தருக்கு மட்டும் வாங்கினா, யாருக்குன்னு ஆபீஸ் பூரா தெரிஞ்சிடுமே'ன்னார்."

கலினா பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டாள்.

அலுவலகத்தில் ஸ்னெஷானா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தாள். இத்தனை மாதங்களாக மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிந்தே இருந்தவள். வேலையில் அத்தனை கவனம் என்றுதான் கலினா நினைத்திருந்தாள்.

பெட்டியைப் பார்த்ததும் ஸ்னெஷானா குரலைத் தாழ்த்தினாள்.

"மாத்தலையா? நல்லவேளை. யார்கிட்டயும் சொல்லிடாதே, என் கண்ணுக்கு இதுதான் சுகமா இருக்கு. இந்த மாசத்தோட வேலையை விட்டுடலாம்னு இருந்தேன். லூபென் ஒண்ணும் தெரியாம வாங்கினது எனக்கு நல்லதாப் போச்சு."

எதிர் மேசையில் லூபெனின் விரல்கள் ஒரு கணம் நின்றன. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கலினா திரையை எடுத்துத் தன் மேசையில் வைத்து, வயரைச் சொருகினாள்.

"ஆமாக்கா" என்றாள், அவர் காதிலும் விழும்படி. "அவருக்கு இதைப் பத்தியெல்லாம் ஒண்ணுமே தெரியாது."