கம்பி கட்டிய குப்பைத்தொட்டி

மின்சார ரயில் நிலையத்துக்குப் பளபளவென்று புதிய நீல நிறக் குப்பைத்தொட்டி ஒன்று வந்தது.

"அண்ணே, எனக்குள்ள முதல்ல என்ன குப்பை விழும்? டீக் கப்பா, கடலைப் பொட்டலமா?" என்று பக்கத்துப் பெஞ்சைக் கேட்டது.

"பொறுடா தம்பி. நாளைக்குப் பெரிய அதிகாரி பார்வையிட வர்றார். அதுக்குள்ள நீ அழுக்காயிடக் கூடாதுன்னு மூடியைக் கம்பியால கட்டிட்டாங்க, பார்."

மாலையில் ரயிலிலிருந்து இறங்கியவர்கள் மூடியை இழுத்துப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் பெஞ்சுக்கு அடியில் போட்டார்கள்.

"அத்தனையும் எனக்கு வரவேண்டியது" என்று தொட்டி புலம்பியது.

மறுநாள் காலையில் எல்லா இடத்தையும் பெருக்கித் துடைத்தார்கள். அதிகாரி வந்தார். தனக்குக் கொடுத்த வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு, தோலோடு நேராகத் தொட்டியை நோக்கி நடந்தார்.

"வர்றார் அண்ணே, என்கிட்டதான் வர்றார்" என்றது தொட்டி.

அவர் மூடியை இழுத்தார். திறக்கவில்லை. தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தொட்டியை எவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்க" என்று எல்லோரையும் பாராட்டிவிட்டு, தோலைப் பெஞ்சுக்கு அடியில் போட்டுவிட்டுப் போனார்.

பிறகு ஓர் ஆள் வந்து கம்பியை அவிழ்த்தார்.

"இப்ப சந்தோஷம்தானே தம்பி?" என்றது பெஞ்சு.

தொட்டி தன் மூடியைத் தானே இறுக்கிக்கொண்டது.

"அவசரமில்லை அண்ணே. அடுத்த அதிகாரி எப்ப வர்றார்?"