அறுபதடிப் பாத்தி

உச்சிவெயில் வந்தும் பாதிப் பாத்திகூட முடியவில்லை. ஆதிமூலம் உப்பு வாரும் பலகையை மறுபடி இழுத்தான். அடுப்பெரியாத வீட்டைவிட்டுப் பிள்ளைகளோடு தாய்வீடு போயிருந்த மனைவி அஞ்சலாட்சி, நேற்றுத்தான் மரக்காணம் திரும்பி, இன்று அவனோடு வேலைக்கு வந்திருந்தாள்.

"முன்னெல்லாம் பத்து மணிக்கே முடிச்சிடுவோமே, இப்ப இன்னாய்யா?"

"பாத்தியைப் பெருசாக்கிட்டாங்க. முப்பதடிப் பக்கம் இப்ப அறுபதடி. அதான் கூலியும் ரெண்டு மடங்கு."

அவள் வரப்பின் ஈரமண்ணில் விரலால் பெரிய சதுரம் ஒன்று போட்டாள். அதன் மூலையில் பழைய பாத்தியைப் போட்டாள். பக்கத்தில் இன்னொன்று. கீழே இரண்டு.

"யோவ், உள்ள நாலு பாத்தி அடங்குது! நாலு பாத்தி வேலைக்கு ரெண்டு பாத்திக் கூலியா? முதலாளி ஏமாத்திட்டான்யா. போய்க் கேளு!"

ஆதிமூலம் அந்தச் சதுரத்தையே வெறித்துப் பார்த்தான்.

"அவரு ஏமாத்தல, அஞ்சலாட்சி. பக்கம் ரெட்டிப்பாச்சு, கூலியையும் ரெட்டிப்பாக்கணும்னு மனு எழுதினதே நாந்தான். அதுக்காக அத்தினி பேரையும் பதினேழு நாள் ஸ்ட்ரைக்குல பட்டினி போட்டேன். பதினெட்டாம் நாள் முதலாளி சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு."