பளிச்சென்ற முகம்

“பரு இப்ப இல்லையா?” என்று டாக்டர் கேட்டார்.

“மாத்திரை ஆரம்பிச்ச முதல் வாரம் மூக்கைச் சுத்தி நாலஞ்சு வந்துச்சு. அதுவும் போயிடுச்சு,” என்றார் என் கணவர் பெருமையாக. நகைக்கடை வாசலில் நின்று வாடிக்கையாளர்களை வரவேற்பவர் அவர். நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்த அன்றும் முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனார்.

எடை பார்க்க நர்ஸ் அவரை அழைத்துப் போனதும் டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

“கட்டி வளர்ந்திருக்கும்மா. இந்த மாத்திரைக்குப் பரு வந்தா மருந்து பிடிக்குதுன்னு பெரும்பாலும் சொல்லலாம். தவறாம போடுறாரா?”

“தினமும் நான்தான் டாக்டர் எடுத்துக் கொடுக்கிறேன்.”

“பரு நல்லதுன்னு அவர்கிட்டயும் சொல்லிடுறேன்.”

“வேண்டாம் டாக்டர். பக்குவமா நானே சொல்லிக்கிறேன்.”

திரும்பும்போது அவர் கார்க் கண்ணாடியில் கன்னத்தைத் தடவிப் பார்த்தார்.

“பாத்தியா பலாப்பழம், புற்றுநோய் வந்தும் என் முகம் எப்படி இருக்கு. உனக்கு ஒரு நோயும் இல்லாமலே அப்படி.”

என் முகத்துப் பருத்தழும்புகளால் இருபது வருடங்களாக என் பெயர் அதுதான். கடை விழாவில் முதலாளியிடம்கூட அப்படித்தான் அறிமுகப்படுத்தினார். எல்லோரும் சிரித்தார்கள்.

மறுநாள் காலை மாத்திரையையும் தண்ணீரையும் அவர் முன்னால் வைத்துவிட்டு, வழக்கம்போல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணாடியில் அவர் தெரிந்தார். மாத்திரையைப் பூந்தொட்டி மண்ணுக்குள் விரலால் அழுத்தினார். அந்தத் தொட்டியில் இது இருபத்தெட்டாவது.

“முழுங்கிட்டேன், பலாப்பழம்.”

“நல்லதுங்க,” என்றேன்.

அவர் வேலைக்குப் போனதும் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.