இடுப்பில் இரண்டு இஞ்ச்

பழைய துணிகளைப் பிரித்துப் புதிதாகத் தைத்துக் கொடுக்கும் அந்தக் கடையில் தையல் மாஸ்டர் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முதலாளியம்மா ஒரு பழைய கோட்டை நீட்டி, அது யார் எப்போது போட்டது என்று சொன்னதும் அவர் பதறினார்.

"முதல் கல்யாணத்துல உங்க வீட்டுக்காரர் போட்ட கோட்டும்மா இது! ரெண்டாவது கல்யாணத்துக்கும் இதையேவா?"

"நல்ல துணியைக் குப்பையில போடச் சொல்றீங்களா மாஸ்டர்? இடுப்புல ரெண்டு இஞ்ச் விட்டாப் போதும்."

"மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும்!"

அவள் சிரித்துக்கொண்டே ஊசியில் நூலைக் கோத்தாள்.

மறுநாள் மாப்பிள்ளை கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். எப்பாடு பட்டாவது இந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றிவிட வேண்டுமென்று மாஸ்டர் முந்திக்கொண்டார்.

"புத்தம்புதுத் துணி சார்! நேத்துதான் வெட்டினேன்."

மாப்பிள்ளை கோட்டை மாட்டிக்கொண்டு, பழகிய கையை நேராக உள்பாக்கெட்டுக்குள் விட்டார். அடியிலிருந்த ஓட்டை வழியே விரல் எட்டிப் பார்த்தது.

"என்ன, இந்த ஓட்டையை இன்னுமா நீ தைக்கல? போன தடவை உனக்குப் போட வேண்டிய மோதிரத்தை இதுலதானே தொலைச்சேன்!"

மாஸ்டர் அவரையும் முதலாளியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விவாகரத்து ஆகி நாலு வருஷமாச்சு. இன்னும் குறை சொல்றதை விடல பாருங்க," என்றாள் அவள். "மாஸ்டர், உள்ளே இன்னும் ரெண்டு இஞ்ச் துணியை மிச்சம் வைங்க. மூணாவது கல்யாணத்துக்கும் இதே கோட்டுதான்."