பாகு வாசனை

யாமினியின் மகள் பிறந்தபோது குழந்தையின் ஈரத் துணிகளில் வெல்லப்பாகு வாசனை வந்தது. வீட்டில் எல்லோரும் கொஞ்சி, பாகு என்றே கூப்பிட்டார்கள். அது பரம்பரை நோயின் வாசனை என்று டாக்டர் சொல்வதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. உணவில் உள்ள புரதத்தை அவள் உடம்பு சரியாக ஏற்காது. வாசனை கூடினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அதே நோயுள்ள சுண்டெலிகளுக்குப் புது மருந்து கொடுத்துப் பார்க்கும் ஆய்வகத்தில்தான் யாமினிக்கு வேலை. மனிதர்களுக்கு அந்த மருந்து வர இன்னும் பல வருஷம் ஆகும். இன்று காலை பதினாலாம் நம்பர் எலியின் கூண்டில் பாகு வாசனை இல்லை. எலி காகிதத்தைப் பொடிப்பொடியாகக் கிழித்து, வட்டமாகக் குவித்து, நடுவில் சுருண்டு தூங்கியது. யாமினி வழக்கம்போல இன்னும் இரண்டு தாள்களை உள்ளே வைத்தாள்.

சாயங்காலம் ஈஜிபுரா வீட்டுக்கு வந்ததும் மூன்று வயது மகளின் ஈரத் துணியை முகர்ந்தாள். ஒன்றுமே இல்லை. மறுபடியும் முகர்ந்தாள்.

"பாகு எங்கங்க?"

"உள்ள தூங்குறா. இன்னைக்குப் பேப்பர நான் படிக்கவே இல்லடி. வந்து பாரு, உம்பொண்ணு என்ன பண்ணி வெச்சிருக்கான்னு" என்று சிரித்தான் கணவன் பரத்.

பாயின் மேல் பொடிப்பொடியாகக் கிழிந்த செய்தித்தாள் வட்டமாகக் குவிந்திருந்தது. நடுவில் பாகு சுருண்டு, நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பரத் குப்பையை அள்ளக் குனிந்தான்.

"விடுங்க" என்றாள் யாமினி. பழைய பேப்பர் கட்டிலிருந்து இரண்டு தாள்களை உருவி, மகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள்.